பிள்ளைகளின் பகல்: சங்கரன்கோவில் வட்டாரத்தில் பள்ளிக்கல்வியின் வரலாறு

தமிழகப் பள்ளிக்கல்வியின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரிசையாகவோ பாடத்திட்ட மாற்றங்களின் வரிசையாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. வானம் பார்த்த ஒரு வட்டாரத்தில் நின்று அதே வரலாற்றைப் பார்க்கும்போது, ஒரு பிள்ளையின் பகற்பொழுது குடும்பத்துக்கு உரியதா, கூலி கொடுப்பவருக்கு உரியதா, பள்ளிக்கு உரியதா என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. பழைய அரசு ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்று குறிக்கப்பட்டதும், 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்ததுமான சங்கரன்கோவில், இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று. மேற்கே வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கம் மலையடிவாரக் குளத்துப் பாசனமும், கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கரிசல் காடும், நடுவே தறியையும் கோவிலையும் நம்பிய நகரமுமாக அமைந்த இவ்வட்டாரத்தில், விடியுமுன் பூப்பறிக்கவும், பருத்தி எடுக்கவும், ஆடு மேய்க்கவும், தறிக்குத் தார் சுற்றவும், தாய் களைவெட்டப் போகும் நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகளின் கை வேண்டியிருந்தது. அந்தக் கையை வேலையிலிருந்து விடுவிக்கும் செலவை யார் ஏற்பது என்பதற்குக் கிடைத்த விடைகள் காலந்தோறும் மாறின. கல்விக் கொள்கையில் நேர்ந்த பெருந்திருப்பங்கள் யாவும் அந்த மாற்றத்தோடு பிணைந்தவை.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றுவதற்கு முன்பு இப்பகுதியில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். வீட்டுத் திண்ணையிலோ, சாவடியிலோ, மரத்தடியிலோ ஓர் ஆசிரியர் தம் பொறுப்பில் நடத்திய பள்ளி இப்பெயர் பெற்றது. திருநெல்வேலிச் சீமையில் அவ்வாசிரியரை அண்ணாவி என்றும் அழைத்தனர். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகி, கை படிந்த பிறகே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் மாறியது. ஓலையில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி அதன்மேல் மஞ்சளோ கரியோ தடவித் துடைப்பது பிள்ளைகளின் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களுக்கு நிகரான இடம் எண்சுவடிக்கும் இருந்தது. முழு எண்கள், பின்னங்கள், நெல் அளவை, பொன் நிறுவை ஆகியவற்றின் வாய்பாடுகளைத் தொகுத்த அச்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளை, கணக்கெழுதவும் வரவுசெலவு பார்க்கவும் தகுதி பெற்றது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அண்ணாவியின் வருமானம் பெற்றோர் கொடுத்த தானியமும் சில்லறைக் காசும் பண்டிகைக் கொடையுமே ஆதலால், பிள்ளையின் பகலை விட்டுக்கொடுக்க முடிந்த குடும்பத்துக்கு மட்டுமே அப்பள்ளி திறந்திருந்தது. அறுவடையின்போது மாணவர் வராதிருப்பதை அண்ணாவி குற்றமாகக் கொள்ளவில்லை, ஏனெனில் அவருடைய பிழைப்பும் அதே களத்துமேட்டிலிருந்து வந்த தானியத்தைச் சார்ந்திருந்தது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கல்விக் கணக்கெடுப்பு இந்த ஏற்பாட்டின் பரப்பையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர் என்றும், மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றும் 1826இல் மன்றோ எழுதிய குறிப்பு கூறுகிறது. மாணவருள் பிராமணர் அல்லாத சாதிகளைச் சேர்ந்தோர் கணிசமாக இருந்ததை அக்கணக்கு காட்டுவதால், கல்வி ஒரே சாதியின் உடைமையாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே இடம்பெற்ற அக்கணக்கிலிருந்து பழங்காலத்தில் எல்லோரும் படித்திருந்தனர் என்று முடிவுகட்டுவோர், திண்ணையின் அருகே வரவும் அனுமதிக்கப்படாத சேரிப் பிள்ளைகளை மறந்துவிடுகின்றனர். எனினும் திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் முறையைத் தாழ்வாக மதிக்க எவ்விதக் காரணமும் இல்லை. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிப்பதையும் இங்கிருந்து கற்று, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றில் அது சென்னை முறை என்ற பெயரிலேயே பரவியது.

திண்ணையின் சமூக எல்லையை முதலில் உடைத்தவை கிறித்தவ சமயப் பரப்புக் கழகங்களின் பள்ளிகள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த சமயப் பரப்பாளர் ரேனியஸ் ஊர்தோறும் தொடங்கிய சிறு பள்ளிகளின் வழியே திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் எழுத்தறிவு வேகமாகப் பரவியது. வடபகுதியின் கரிசல் ஊர்களுக்கு அவ்வலை வந்துசேரச் சற்றுக் காலம் பிடித்தது. 1854 முதல் தாமஸ் ராக்லண்டும் அவருடைய தோழர்களும் நிலையான பங்களா ஏதுமின்றிக் கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்ற வடதிருநெல்வேலிச் சுற்றுப்பணியே இவ்வட்டாரத்தில் அம்முயற்சியின் தொடக்கம். திருநெல்வேலித் திருமண்டலத்தின் சொத்துகளை நிருவகிக்கும் அறக்கட்டளையின் பெயரைச் சுருக்கி டி.டி.டி.ஏ. பள்ளி என்று மக்கள் இன்றும் குறிப்பிடும் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகள் இந்த மரபில் வந்தவை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையும் பெண் பிள்ளையும் முதன்முதலாகப் பலகையைக் கையில் எடுத்தது பெரும்பாலும் இப்பள்ளிகளில்தான். மத மாற்றத்தை நோக்கமாகக் கொண்டவை என்ற விமர்சனம் அவற்றின்மேல் அன்றும் இருந்தது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் பிறப்பால் எழுத்து மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குப் பத்திரத்தைத் தானே படித்துப்பார்க்கும் ஆற்றல் கிடைத்ததன் மதிப்பை அவ்விமர்சனம் குறைத்துவிடாது.

கல்விக்கான செலவைச் சமூகமே கூட்டாக ஏற்கலாம் என்பதற்கு அண்டை ஊரான விருதுநகர் ஒரு முன்மாதிரியைத் தந்தது. வணிகத்தின் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு ஒதுக்கும் மகமை என்னும் வழக்கத்தைக் கொண்டு, நாடார் சமூகத்தினர் 1885இல் அங்கே சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வீட்டுக்கு வீடு அன்றாடம் ஒதுக்கிய பிடி அரிசியும் அப்பள்ளியைத் தாங்கியது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் கலவரங்களைச் சந்தித்து, கோவில் நுழைவுக்காக வழக்காடித் தோற்றுக்கொண்டிருந்த அச்சமூகம், மதிப்பைப் பெறும் வழியாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது தென்தமிழகத்தின் மனப்போக்கையே மாற்றிய முடிவு எனலாம். பிற்காலத்தில் ஏனைய சமூகங்களும் அதே பாதையில் சென்றன. சங்கரன்கோவிலுக்கு அருகே மேலநீலிதநல்லூரிலும், கமுதியிலும், உசிலம்பட்டியிலும் எழுந்த பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிகள் அவ்வகையான கூட்டு விருப்பத்தின் தொடர்ச்சியே.

அரசோ நெடுங்காலம் தள்ளியே நின்றது. 1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறை ஏற்பட்டது. மாணவரின் தேர்ச்சியைப் பார்த்து மானியத்தை அளவிடும் விதியால், இன்ஸ்பெக்டர் வரும் நாளை நோக்கியே பாடம் நடத்தும் பழக்கம் அப்போதே தொடங்கியது. அச்சிட்ட பாடநூலும் வருகைப் பதிவேடும் மணிக்கணக்கும் திண்ணைக்குள் நுழைந்தன. அண்ணாவி மெல்ல மறைந்து, பயிற்சிச் சான்றிதழ் பெற்ற வாத்தியார் அவருடைய இடத்துக்கு வந்தார். 1920ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதித்துக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர வழிசெய்தது. ஆனால் அது விருப்பத்துக்கு விடப்பட்டதால், வரி விதிக்கத் தயங்கிய கிராமப்புறங்களில் ஏட்டளவிலேயே நின்றது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது, பின்னாளைய பெருந்திட்டத்துக்கு ஒரு தொலைதூர முன்னோடி.

விடுதலைக்குப் பிறகு பிள்ளையின் பகலைப் பற்றிய கேள்வி நேரடி அரசியலானது 1953இல். தொடக்கப்பள்ளிகளில் இடமும் ஆசிரியரும் போதாத நிலையில், அப்போதைய முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புறப் பள்ளி வேலைநேரத்தை நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறைத்து, மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவு காலையிலும் மற்றொன்று பிற்பகலிலும் வரும்படி திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் பழகுவர் என்பது ஏற்பாடு. இருக்கும் கட்டடத்திலும் ஆசிரியரிடத்திலும் இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற நிருவாகக் கணக்கு அதன் பின்னே இருந்தது. அதை ஆராய்ந்த பாருலேகர் குழுவும் ஆதரவாகவே கருத்துரைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசிலேயே பலரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர்.

அந்தப் பெயர் மிகை என்று இன்று சிலர் வாதிடுகின்றனர். சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஊர்களில் அத்திட்டத்தைப் பொருத்திப் பார்ப்பவருக்கு அவ்வாதம் நிற்காது. நெசவாளியின் மகனுக்குத் தந்தையிடம் பழக ஒரு தொழில் இருந்தது என்றே கொள்வோம். நிலமற்ற கூலியின் மகனுக்கு அவ்வாறு பழக என்ன இருந்தது? மாடு மேய்ப்பதும் சாணி அள்ளுவதும் பிறர் காட்டில் கூலிக்கு நிற்பதுமே அவனுடைய குடும்பத்தின் தொழில். அவனைப் பள்ளிக்கு வெளியே விட்ட அரைநாள் நேராக நிலக்காரரின் கணக்கில் சேர்ந்திருக்கும். நகராட்சிப் பகுதிகளுக்கு அத்திட்டம் பொருந்தாது என்ற விதிவிலக்கும், நகரத்துப் பிள்ளைக்கு முழுநாளும் கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாளும் என்ற பாகுபாட்டை நிலைநிறுத்தியது. எதிர்ப்பின் அழுத்தத்தில் இராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார்; அடுத்த மாதமே, கல்விப் பொறுப்பு வகித்த சி. சுப்பிரமணியம் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

திட்டத்தை நீக்கியதோடு காமராசர் அரசு நின்றிருந்தால் கூலிக்காரரின் மகன் பள்ளிக்கு வந்திருக்க மாட்டான். பகலை மீட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பகலில் அவன் சம்பாதித்திருக்கக்கூடிய கஞ்சிக்கும் ஈடு செய்ய வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டதே அடுத்த பத்தாண்டின் தனிச்சிறப்பு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எட்டயபுரமும் சங்கரன்கோவிலும் அப்போது ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. ஒரே கரிசலின் இரு முனைகள். முதலில் ஊரார் தரும் தானியத்தையும் நன்கொடையையும் நம்பி ஆங்காங்கே நடந்த அன்னதானமாக இருந்த இத்திட்டத்தில், பின்னர் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்க, எஞ்சியதை ஊரார் கொடுத்தனர். பிடி அரிசியால் வளர்ந்த விருதுநகர்ப் பள்ளியில் படித்து, குடும்பச் சூழலால் படிப்பை இடையிலேயே விட்டவர் காமராசர் என்பதை இத்திட்டத்தோடு சேர்த்து எண்ணாமல் இருக்க இயலாது.

உணவோடு தூரமும் குறைந்தது. 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு மைல் எல்லைக்குள் ஒரு தொடக்கப்பள்ளி என்னும் குறிக்கோளால், கரிசல் காட்டுச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் எழுந்தன. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் நடத்துவது அவற்றின் இயல்பு. கட்டடம் இல்லாத இடத்தில் கோவில் மண்டபமும் சாவடியும் பள்ளியாயின. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலி, மேசை, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, சீருடைத் துணி ஆகியவற்றை ஊரார் கொண்டுவந்து கொடுத்தனர். வசதி படைத்தவர் நிலமும் கட்டடமும் தந்தனர், ஏழை நெசவாளி ஒரு துண்டுத் துணி தந்தார். இம்மாநாடுகளின் பொருள் மதிப்பைவிட அவை உண்டாக்கிய உரிமையுணர்வு பெரிது: அரசின் கட்டடமாக அன்று, தம் ஊரின் சொத்தாகப் பள்ளியை மக்கள் பார்க்கத் தொடங்கினர். படித்துக் கலெக்டராகவா போகிறாய் என்று பிள்ளையைக் கேட்டுவந்த வாய்கள், நாலெழுத்துத் தெரிந்தால்தான் பிழைக்கலாம் என்று பேசத் தொடங்கிய காலம் இதுவே.

ஆயினும் இதே காலத்தில் பிள்ளையின் பகலுக்குப் புதியதொரு போட்டியாளர் வலுப்பெற்றார். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் தோன்றிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த ஊர்களின் உழைப்பைத் தேடிப் படிப்படியாகச் சாத்தூர், கோவில்பட்டி, திருவேங்கடம் என்று விரிந்தது. தொழிற்சாலையை மக்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்றே அழைத்தனர். விடியுமுன் ஊர்வாசலில் நிற்கும் ஆபீஸ் பஸ்ஸில் ஏறும் பெண் பிள்ளைகள், சட்டகத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதுமாக நாளைக் கழித்து இருட்டிய பிறகே வீடு திரும்பினர். ஒட்டுவேலை வீட்டுக்கும் வந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளையின் மாலையும் அதற்கே போயிற்று. அண்ணனின் படிப்புக்குத் தங்கையின் கூலி உதவிய குடும்பங்கள் ஏராளம். கரிசல் வட்டாரத்தின் எழுத்தறிவு உயர்ந்த வரலாற்றில் இந்தச் சிறுமிகளின் பங்கு எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் தீப்பெட்டித் தொழிலை அபாயகரமான தொழில்களுள் சேர்த்தது. ஆனால் சட்டம் கூறியதற்கும் பஸ் வந்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரூ.20,000 இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர அரசு முயல வேண்டும் என்றும் கூறியது. பிள்ளையின் கூலியை நிறுத்தும்போது குடும்பத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை, மதிய உணவில் மறைமுகமாக இருந்தது, இத்தீர்ப்பில் வெளிப்படையாகச் சட்டமொழியில் ஏறியது.

இடைப்பட்ட காலத்தில் மதிய உணவும் உருமாறியிருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லாத சிறு குழந்தைகளையும் அங்கன்வாடி வழியாகச் சேர்த்துக்கொண்டது. நிதியைக் காரணம் காட்டி ஐயுற்ற பொருளியலாளரின் கணிப்பு பொய்த்தது. மைய அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்ற பணிகள் கிராமத்துப் பெண்களுக்கு, குறிப்பாகக் கணவனை இழந்தோருக்கு, அரசு வேலையின் முதல் படியாயின. அங்கன்வாடி கைக்குழந்தையை ஏற்றுக்கொண்டதால், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட அக்கா பள்ளிக்குப் போக வழி பிறந்தது. பெண் கல்வியைப் பற்றிய எத்தனையோ பரப்புரைகளைவிட இந்த ஏற்பாடு செய்த நன்மை அதிகம்.

பிள்ளைப் பருவத்தில் பகலை இழந்தோருக்கு இரவைத் திருப்பித் தரும் முயற்சியாக 1990களில் அறிவொளி இயக்கம் வந்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் முதலியோர் பங்கேற்று நடத்திய அவ்வியக்கம், தெருவிளக்கடியிலும் கோவில் வாசலிலும் பெண்களைக் கூட்டி எழுத்தறிவித்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்திட்டனர். அதைவிட முக்கியமாக, தம் மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்ற உறுதியை அப்பெண்கள் பெற்றனர்.

2000க்குப் பின் மனப்போக்கு மற்றொரு திசையில் திரும்பியது. பள்ளிக்கு அனுப்புவதா என்ற கேள்வி மறைந்து, எந்தப் பள்ளிக்கு என்ற கேள்வி வந்தது. ஆங்கில வழி மெட்ரிக் பள்ளிகளின் வேன்கள் கிராமங்களுக்குள் நுழைந்தன. விசைத்தறிக் கூலியும் பூக்கடை வருமானமும் திருப்பூரிலிருந்து வந்த பணமும் கல்விக் கட்டணமாயின. பாடத்திட்டங்களை ஒன்றாக்கிய 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம், நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை. பெற்றோர் தேடியது பாடநூலைவிட ஆங்கிலத்தையும், அது தரும் மதிப்பையும் என்பதைக் கொள்கை வகுத்தோர் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை. பிள்ளையின் நாள் இப்போது வேறு வகையில் நீண்டது: காலைச் சிறப்பு வகுப்பு, மாலை டியூஷன், 2017 முதல் நீட் தேர்வுக்கான தனிப்பயிற்சி. உழைப்பிலிருந்து மீட்ட பகலை இப்போது தேர்வு எடுத்துக்கொள்கிறது. கட்டணம் கட்ட வசதியுள்ளவர் வாங்கிக்கொள்ளும் கூடுதல் மணிநேரம், 1953இன் அரைநாளைப் போலவே, இரு வகைப் பிள்ளைகளை உருவாக்கும் ஆபத்து உடையது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப்பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது, இதனால் டி.டி.டி.ஏ. பள்ளிகளின் சிற்றூர்ப் பிள்ளைகளும் அதன் வரம்புக்குள் வந்தனர். விடியலில் காட்டுவேலைக்குப் போகும் தாய் உலை வைக்க நேரமில்லாத வட்டாரத்தில் இதன் பயன் உடனே தெரியக்கூடியது. ஆனால் அதே வட்டாரத்தில்தான், 300 பேருக்கு ஒரு பள்ளி என்ற விதியால் எழுந்த ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. வேனில் போக வசதியற்ற பிள்ளைகளே அங்கே எஞ்சுகின்றனர். எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அண்டைப் பள்ளிகளோடு இணைக்கலாம் என்னும் யோசனை அவ்வப்போது எழுகிறது. அவ்வாறு இணைக்கப்படும் ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கான தூரம் மீண்டும் ஒரு மைலைத் தாண்டும். அந்தத் தூரத்தால் பள்ளியை முதலில் கைவிடப்போகிறவர்கள், காட்டுவேலைக்குப் போகும் பெற்றோரின் சிறு பெண் பிள்ளைகள்.